ஆள் குழிக்குள் கிடக்கிறான், வயலின் எதற்கு? (உயிர் தப்பும் படங்களின் இசை)

நாவற்குழியான்

மாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து நான்கு வாரமாக வீட்டில் கிடக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. ஏன் ஏறினேன் என்று யாரும் கேட்க வேண்டாம். வீட்டில் போதுமான அளவு கேட்டாயிற்று. மகன் தன் மடிக்கணினியைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனான். விழுந்தவனுக்கு விழுந்தவர்களின் கதைதானே பிடிக்கும்? குகைக்குள் விழுந்தவன், பாறை இடுக்கில் கை அகப்பட்டவன், கரடி கிழித்துப் போட்டவன், பாலைவனத்தில் ஆட்டுப்பட்டிக்குள் மாட்டிக்கொண்டவன், ஆளில்லாத் தீவில் ஒதுங்கியவன் என்று வரிசையாகப் பார்த்து முடித்தேன்.

எல்லாவற்றிலும் என் மனத்தில் நின்றது 2000இல் வந்த ‘காஸ்ட் அவே’. காரணம் இசை. சரியாகச் சொன்னால், இசை இல்லாமை. டொம் ஹாங்ஸ் தீவில் இருக்கும் காலம் முழுவதும் பின்னணி இசையே கிடையாது. அலை, காற்று, அவனுடைய மூச்சு. பறவை, பூச்சி ஒலிகளைக்கூட வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள். இரவில் ‘தொப்’பென்று ஏதோ விழுகிறது, அவன் பதறி எழும்புகிறான். விடிந்து பார்த்தால் தேங்காய். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்; எங்கள் வளவில் பிறந்த குழந்தைக்கும் அந்தச் சத்தம் தெரியும். கடைசியில் அவன் மிதவையைக் கட்டி, அந்தப் பெரிய அலையைத் தாண்டி, திரும்பித் தீவைப் பார்க்கிறான். அங்கேதான் அலன் சில்வெஸ்ட்ரியின் இசை முதன்முறையாக எழுகிறது. மெல்லிய நரம்பு வாத்தியங்கள். தப்பியவனுக்கு இசை, தப்பிக்கொண்டிருப்பவனுக்கு இல்லை.

அடுத்த நாள் பார்த்த வேறொரு படத்தில் (பெயர் வேண்டாம்) கதாநாயகன் சறுக்குவதற்கு முன்பே வயலின்கள் சறுக்கத் தொடங்கிவிட்டன. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

என் வாதம் இதுதான். உயிருக்கு ஆபத்து என்றால் மனிதன் காதால்தான் வாழ்கிறான். தொண்ணூறுகளில், போர்க் காலத்தில், இங்கே யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வருவது ஹெலிகொப்டரா, சகடை என்று நாங்கள் சொல்லும் குண்டுவீச்சு விமானமா என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டால் வாய்க்குள் எண்ணத் தொடங்குவோம். பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருமினால்கூட ஏச்சு விழும். காதுக்கு அவ்வளவு வேலை இருக்கும்போது பாட்டுக்கு ஏது இடம்? ஆகவே இத்தகைய படத்தில் இசை பொய். வெளியே வந்த பிறகு போடட்டும்.

மறுப்பவர்கள் வரலாம். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

தம்புரா

நாவற்குழி அண்ணை, கால் விரைவில் சுகமாக வேண்டும். கருத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கரடி கிழித்துப் போட்டவனின் படம் என்று சொன்னீர்களே, ‘த ரெவனன்ட்’ (2015). அதற்கு இசையமைத்தவர் ரியுச்சி சகமோட்டோ. 2014இல் தொண்டைப் புற்றுநோய் கண்டு, வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டுச் சிகிச்சை எடுத்தவர். உடல் முழுதாகத் தேறாத நிலையில் செய்த வேலை இது. ஜெர்மனியின் அல்வா நோட்டோவும் அவரோடு சேர்ந்தார். பிரைஸ் டெஸ்னரும் சில பகுதிகள் செய்தார். பல கைகள் பட்டதால் ஒஸ்கார் போட்டிக்கே எடுத்துக்கொள்ளவில்லை என்பது தனிக் கதை.

அதன் முகப்பு இசையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். நரம்பு வாத்தியங்கள் ஒரு கொத்துச் சுரத்தை எழுப்பும். நிற்கும். ஒன்றுமே இருக்காது. இன்னொன்று எழும். மறுபடி நிற்கும். நாங்கள் கார்வை என்று சொல்லும் இடைவெளிக்கு அது மிகக் கிட்ட வருகிறது. அடுத்தது வருமா என்று ஒவ்வொரு இடைவெளியிலும் நெஞ்சு கேட்கிறது. புண்பட்டுக் கிடப்பவனுடைய மூச்சும் அப்படித்தானே.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். திருவிழா இரவில் நாகஸ்வரக்காரர் ஆலாபனையின் நடுவே சீவாளியை வாயிலிருந்து எடுக்கிறார். அப்போது அமைதியா வருகிறது? இல்லை, ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும் துணைக் குழலான ஒத்து தொடர்ந்து ஊதிக்கொண்டே இருக்கிறது. (இப்போது ஒத்துக்காரரை எங்கே காண்கிறோம், சுருதிப் பெட்டிதான், அதை விடுங்கள்.) ரெவனன்டில் ஒத்து ஊதுவது காற்று. பனிக்காட்டின் காற்றும் ஆற்றின் இரைச்சலும் ஆதார சுருதி, சகமோட்டோ அதன்மேல் நாலே நாலு சுரம் வைக்கிறார். எங்கே காற்று முடிந்து இசை தொடங்குகிறது என்று பல இடங்களில் எனக்கே பிடிபடவில்லை. மருதனார்மடத்தில் நான்கு வருடம் சங்கீதம் படித்து, சுரம் எழுதிப் பழகிய காது இது. அதற்கே அந்தக் கதி.

இதைப் பொய் என்பீர்களா?

நாவற்குழியான்

ஒத்து உவமை நன்றாக இருக்கிறது, பிள்ளை. அந்தப் படத்துக்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன். ஆனால் பாருங்கள், நீங்கள் புகழ்வது எதை? இசை நிற்கும் இடங்களை. அது என் கட்சிக்குத்தான் வாக்கு.

பருத்தித்துறை வடை

நான் இத்தகைய படங்களைப் பசியோடு பார்க்க மாட்டேன். அவ்வளவுதான் என் பங்களிப்பு.

மேசைக்காரன்

கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டிப் பிழைக்கிறவன் நான். இருபத்திரண்டு வருடமாக ஒலி மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். ஆகையால் சுரம் பற்றிப் பேசாமல் சத்தம் பற்றிப் பேசுகிறேன்.

முதல் கேள்வி: நாவற்குழி அண்ணை இவற்றை எதில் கேட்டீர்கள்? மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் என்றால் வழக்கை இப்போதே தள்ளுபடி செய்யலாம். அந்தச் சின்ன ஒலிபெருக்கி அடித்தொனியை வெளியிடாது. சகமோட்டோ, அல்வா நோட்டோ இருவரும் வேலை செய்திருப்பதே அடியில்தான். மேலே மிதக்கும் வயலின் மட்டும் உங்களுக்குக் கேட்டிருக்கும். அதனால்தான் வயலின் மேல் இவ்வளவு கோபம்.

இரண்டாவது, ‘கிராவிட்டி’ (2013) என்ற படத்தை விட்டுவிட்டீர்கள். விண்வெளியில் காற்று இல்லை, சத்தம் பயணிக்காது. அந்தப் படக்காரர்கள் அதை மதித்தார்கள். கதாநாயகி ஒரு பொருளைத் தொட்டால் மட்டும், அதிர்வு கையுறை வழியாக உடம்புக்குள் வருவதுபோல, மொத்தையாக ஓர் ஒலி கேட்கும். பக்கத்தில் நிலையமே சிதறிப் பறந்தாலும் வெடிச் சத்தம் கிடையாது. அப்படியானால் பயத்தை யார் கொண்டுவருவது? இசை. ஸ்டீவன் பிரைஸ் தாள வாத்தியமே இல்லாமல் செய்திருக்கிறார். மேளம் இல்லை, அடி இல்லை. இரைச்சல் ஒன்று அடிவயிற்றிலிருந்து ஏறி ஏறி வந்து, கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று அறுந்துவிடும். அறுந்த அந்த நொடியில் தியேட்டரில் எனக்குக் காது அடைத்தது. 2014இல் அவருக்கு ஒஸ்கார் கிடைத்தது.

காது வாழவைக்கும் என்கிறீர்கள், சரி. காதே வேலை செய்யாத இடத்தில் என்ன செய்வீர்கள், அண்ணை?

நாவற்குழியான்

மடிக்கணினிதான். ஒப்புக்கொள்கிறேன். மகனிடம் நல்ல ஹெட்போன் கேட்டிருக்கிறேன். முதலில் காலைச் சுகமாக்குங்கள் என்கிறான்.

குருநகர்க் கரை

வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நான் படத்துக்காரன் இல்லை, கடலுக்குப் போகிறவன். சில வருடங்களுக்கு முன் சோளகக் காற்று வீசும் காலத்தில் நாங்கள் மூன்று பேர் பதினெட்டரை அடிப் படகில் போய் எஞ்சின் நின்றுவிட்டது. இழுத்து இழுத்துத் தோள்மூட்டு கழன்றதுதான் மிச்சம். இரவாகிவிட்டது. படகு தன் பாட்டில் போகிறது. நெடுந்தீவுப் பக்கம் போகிறதா, இந்தியப் பக்கம் போகிறதா என்று தெரியாது. இரண்டில் எது நடந்தாலும் பிரச்சினைதான், வேறு வேறு பிரச்சினை.

எங்களில் இளையவனின் கைத்தொலைபேசியில் முந்நூறு பாட்டு இருந்தது. ஒன்றும் போடவில்லை. நிறுத்தி, லஞ்ச் ஷீட்டில் சுற்றி, முடிச்சுப் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டான். சிக்னல் கிடைக்கும் இடம் வந்தால் சார்ஜ் வேண்டுமே. ஏழு மணி நேரம் நாங்கள் கேட்டது படகின் விலாவில் தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும்தான். அதிலும் வேறுபாடு இருக்கிறது. ஆழத்தில் ஒரு மாதிரி, கல் உள்ள இடத்தில் வேறு மாதிரி. மூத்தவர் படுத்துக்கொண்டு காதைப் பலகையில் வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். திடீரென்று எழும்பி, “தண்ணீர் குறைகிறது, நங்கூரத்தைப் போடு” என்றார். போட்டோம். பிடித்தது. விடியும்வரை அங்கேயே கிடந்தோம். காலையில் வேறு படகு வந்து கட்டி இழுத்தது.

‘லைஃப் ஒஃப் பை’ (2012) படத்தை மகள் காட்டினாள். தொடக்கத்தில் பம்பாய் ஜெயஸ்ரீ தமிழில் தாலாட்டுப் பாடுகிறார். உலகம் முழுவதும் ஓடிய ஆங்கிலப் படம் தமிழ்த் தாலாட்டோடு தொடங்குகிறதே என்று மகளுக்குப் பெருமை. எனக்கும்தான். ஆனால் அந்தத் தாலாட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள்: புதுச்சேரியில், மிருகக்காட்சிச் சாலையில், குடும்பம் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது. கரையில். பையன் படகில் தனித்துவிட்ட பிறகு வரும் பின்னணி இசை எனக்கு ஒட்டவில்லை. அந்தக் கடலே தைவானில் தொட்டி கட்டி எடுத்தது என்று பிறகு மகள் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, விலாவில் அடிக்கும் தண்ணீர் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நான் நாவற்குழியார் பக்கம்.

தம்புரா

அண்ணை, அந்த மூத்தவர் காதைப் பலகையில் வைத்த இடத்தில் என் கை தட்டச்சு செய்வதை விட்டுவிட்டது.

மைக்கல் டன்னாவின் அந்தப் பின்னணி இசைக்கு ஒஸ்கார் கிடைத்தது, தாலாட்டும் பரிந்துரைப் பட்டியல்வரை போனது என்ற தகவலை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்களிடம் வாதாட எனக்கு வாய் வராது.

கோண்டாவில் டைனமோ

நான் வாதாடுவேன்.

நாவற்குழி அண்ணை, பங்கர் காலத்தில் பாட்டுக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊரில் இருந்தீர்கள்? 1990இல் மின்சாரம் போனது. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் மருந்து போல. ஜாம் போத்தலில் நாலு சொட்டு விட்டுத் திரி போட்டு விளக்கு. அந்தக் காலத்தில்தான் நான் வாழ்க்கையிலேயே அதிகம் பாட்டுக் கேட்டேன்.

எப்படி என்று இளையவர்களுக்குச் சொல்கிறேன். சைக்கிளைக் கவிழ்த்து இருக்கையிலும் கைபிடியிலும் நிறுத்த வேண்டும். டைனமோவை டயரில் சாய்த்துவிட்டு, ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது மாறுமின்னோட்டம். நேரே கொடுத்தால் பெட்டி உறுமும். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிட்டரும் போட்டு என் மாமா ஒரு சின்னப் பலகையில் பற்றவைத்துத் தந்தார். அதிலிருந்து இரண்டு வயர் கசெட் பெட்டியின் பற்றரிப் பள்ளத்துக்குள் போகும்.

1991 தீபாவளிக்குத் ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் தமிழ்நாட்டில் வந்தன. கசெட் எங்கள் கைக்கு வந்தபோது அது எத்தனையாவது பிரதியோ, யாருக்குத் தெரியும். ‘கண்மணி அன்போடு’ பாட்டு. ஒருவர் சுற்ற, நாங்கள் ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்திருப்போம். ஒரே வேகத்தில் சுற்றுவது பெரிய கலை. கை சோர்ந்தால் ஜானகியின் குரல் கனத்துக்கொண்டே இறங்கி, கடைசியில் அவரும் கமல்ஹாசனும் ஒரே குரலில் பேசிக்கொள்வார்கள். அடுத்தவன் பெடலைப் பிடித்ததும் மெல்ல மெல்ல மேலே ஏறிப் பெண்ணாவார். அந்தப் பாட்டின் உண்மையான சுருதி எனக்குத் தெரியாமலே நான்கைந்து வருடம் போயிற்று. பிற்பாடு கொழும்பில் ஒரு கடையில் சீரான வேகத்தில் கேட்டபோது, வேறு யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஹெலி வந்தால் நிறுத்துவோம், உண்மை. போனதும் திரும்பச் சுற்றுவோம். நிறுத்தியதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள், அண்ணை.

இதனால்தான் ‘மஞ்ஞுமல் போய்ஸ்’ (2024) பார்த்தபோது நான் அழுதேன். கொடைக்கானல் குணா குகை. குழிக்குள் விழுந்தவனைக் கயிற்றில் இழுத்து மேலே கொண்டுவரும்போது அதே பாட்டு எழுகிறது. தியேட்டரில் விசில். பக்கத்தில் இருந்த இளைஞர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு அது பழைய ஹிட் பாட்டு. எனக்கு, கை வலிக்கச் சுற்றியவனுக்கு, கயிறு இழுப்பதும் பெடல் சுற்றுவதும் ஒரே வேலையாகத் தெரிந்தது.

ஸ்கார்பரோ சின்னவன்

இங்கே ரொறன்ரோவிலும் அதே விசில்தான். எனக்கு முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் முழுப் பாட்டையும் கூடவே பாடினார், யாரும் தடுக்கவில்லை. அந்தப் படத்தில் ‘குதந்திரம்’ பாட்டைப் பாடிய வேடன் என்ற பாடகரின் தாயார் யாழ்ப்பாணத்தவர் என்பதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும், நானே சொல்லிவிடுகிறேன்.

இளையராஜா தரப்பிலிருந்து பாட்டு உரிமை பற்றி நோட்டீஸ் போனது பற்றி…

நாவற்குழியான்

தம்பி சின்னவன், உரிமைப் பிரச்சினைக்கு வேறு இழை திறவுங்கள். அதைத் தொட்டால் இது நூறு பக்கம் போகும்.

கோண்டாவில் தம்பிக்கு: வாசித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா கிடந்தேன். எங்கள் வீட்டிலும் சைக்கிள் கவிழ்ந்திருந்தது. மறந்தேனா, மறைத்தேனா என்று தெரியவில்லை. என் அண்ணர் சுற்றுவார். அவர் இப்போது இல்லை. அதை விடுவோம்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நீங்கள் சொல்லும் பாட்டு கதைக்குள் இருக்கும் பாட்டு. அந்தப் பையன்கள் குணா குகையைப் பார்க்க வந்ததே அந்தப் படத்தின் பெயரால்தான். அது அவர்களுடைய பாட்டு. உங்கள் சைக்கிளும் அப்படித்தான். நீங்களே சுற்றி நீங்களே எடுத்த பாட்டு. நான் குறை சொல்வது மேலே இருந்து யாரோ ஊற்றும் இசையை. ஒருவன் துன்பப்படும்போது, அவனுக்குக் கேட்காத ஒன்று எனக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

மேசைக்காரன்

அதே படத்தில் சுஷின் சியாமின் பின்னணி இசை நிறைய இருக்கிறதே, அண்ணை. குகைக்குள் இறங்கும்போது அடியில் ஒரு முணுமுணுப்பு ஓடுகிறது. அது குகையுடையதா, இசையுடையதா என்று பிரிக்க முடியாது. உங்களுக்கு அது உறுத்தியிருக்காது. உறுத்தாததால் கணக்கில் எடுக்கவில்லை.

நானும் என் கோபத்தை இங்கே இறக்கிவைக்கிறேன். இந்தப் படத்தை நகரத்திலுள்ள ஒரு தியேட்டரில் பார்த்தேன். பின்பக்கச் சுவரில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஊமை. குழிக்குள்ளிருந்து கூப்பிடும் குரல் சுற்றிவளைத்து வர வேண்டிய இடத்தில் இடது பக்கத்தோடு நின்றுவிட்டது. இடைவேளையில் போய்ச் சொன்னேன். “பாட்டு நல்லாகக் கேட்கும், தம்பி” என்றார்கள். பாட்டு நன்றாகத்தான் கேட்டது.

தம்புரா

“அவனுக்குக் கேட்காதது எனக்கு ஏன் கேட்க வேண்டும்?” நல்ல கேள்வி. இதற்கு ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு விதமாக விடை தேடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் உயிர் தப்பும் படங்கள்.

முதலாவது ‘127 அவர்ஸ்’ (2010). அரன் ரால்ஸ்டன் என்ற மலையேறி 2003இல் யூட்டாவில் பாறை இடுக்கில் கை நசுங்கி ஐந்து நாள் கிடந்து, தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வந்த உண்மைக் கதை. அதில் ‘அசிட் தர்பாரி’ என்றொரு பகுதி இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் சிரித்தேன். தர்பாரி கானடா நடுச்சாமத்து ராகம். காந்தாரம், தைவதம் என்ற இரண்டு சுரங்களையும் நேரே தொடக் கூடாது. அசைத்து அசைத்து, தொடுவதா விடுவதா என்று தயங்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் புத்தி தடுமாறுகிறவனுக்கு அந்தத் தயக்கம் எவ்வளவு பொருத்தம்! அது மேலே இருந்து ஊற்றிய இசை இல்லை, அண்ணை. அவனுடைய மண்டைக்குள் ஓடுவது. அவனுக்கு மட்டும்தான் கேட்கிறது, நாங்கள் ஒட்டுக் கேட்கிறோம்.

இரண்டாவது ‘ஆடுஜீவிதம்’ (2024). ‘பெரியோனே’ பாட்டு பிரார்த்தனை. பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட நஜீப் படைத்தவனைக் கூப்பிடுகிறான். ‘ரஹ்மானே’ என்று கூப்பிடும்போது அது இறைவனின் பெயர்; இசையமைத்தவரின் பெயரும் அதுவே என்பது என் சின்ன மகிழ்ச்சி. பிரார்த்தனை என்பது ஆபத்தில் இருப்பவனே எழுப்பும் ஒலிதானே? பங்கருக்குள் தேவாரம் முணுமுணுத்த அம்மம்மாவை நீங்கள் ஏசியிருப்பீர்களா?

நாவற்குழியான்

அம்மம்மாவை ஏச யாருக்குத் துணிவு இருந்தது.

‘பெரியோனே’ பாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் மணல் மட்டும் பேச வேண்டிய சில இடங்களில் இசையும் கூடப் பேசியது. மூன்று மணி நேரப் படத்தில் பதினைந்து நிமிடம் வெறும் வெயிலைக் கேட்கவிட்டிருக்கலாம். இந்த இடத்தில் நான் அசைய மாட்டேன்.

மேசைக்காரன்

127இல் கை வெட்டும் இடத்தைச் சொல்லாமல் விட்டீர்களே, அக்கா. நரம்பில் கத்தி பட்டதும் மின்கம்பி உரசியதுபோல் ஓர் இரைச்சல். இசையா, சத்தமா? பார்க்காமல் முகத்தை மூடிக்கொண்டவர்களையும் அது விடவில்லை. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை.

கிணற்றடி

வணக்கம். நான் பல்கலைக்கழக மாணவன், இதுவரை எழுதியதில்லை. இந்த இழையை இரண்டு முறை வாசித்துவிட்டேன். உதவி வேண்டும்.

நண்பர்களோடு பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று செய்கிறேன். தனியாக இருக்கும் வயதான அம்மா ஒருவர் தண்ணீர் அள்ளும்போது கிணற்றுக்குள் விழுந்துவிடுகிறார். படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னேரம்வரை யாரும் வரவில்லை. கதை அவ்வளவுதான். நண்பன் கீபோர்டில் வயலின் இசை போட்டுத் தந்திருக்கிறான். தலைப்பைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது.

நாவற்குழியான்

தம்பி, நண்பனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நட்பு முக்கியம். வயலின் வேண்டாம்.

குருநகர்க் கரை

தண்ணீருக்குள் நிற்பவருக்குத் தன் பல் அடிக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அதை மறக்க வேண்டாம்.

மேசைக்காரன்

முதலில் கிணற்றுக்குள் என்ன கேட்கிறது என்று போய்க் கேளுங்கள், தம்பி. கீபோர்ட் பிறகு. பதிவுக் கருவியை வாளியில் வைத்து இறக்கிவிட்டு, மேலே இருந்து பேசாமல் இருங்கள். அரை மணி நேரமாவது வேண்டும். வாளி சுவரில் இடிக்காமல் துவாய் சுற்றுங்கள்.

தம்புரா

துலாக் கிணறா, கப்பிக் கிணறா? துலா என்றால் அதன் முனகலையும் தனியாகப் பதிந்து வையுங்கள். அது போதும், ஒரு வாத்தியத்துக்குச் சமம்.

கிணற்றடி

கப்பிக் கிணறு, அக்கா. துலாவை எங்கே தேடுவது.

நேற்றுப் பின்னேரம் செய்தேன். மேசைக்கார அண்ணை சொன்னபடி வாளி, துவாய். தண்ணீர் கீழே போயிருக்கிறது, இருபது அடிக்கு மேல் கயிறு விட்டேன். அரை மணி நேரத்துக்குப் பதில் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

இரவு ஹெட்போனில் கேட்டேன். முதலில் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. பிறகு கல்லிடுக்கிலிருந்து சொட்டும் தண்ணீர். சீராக இல்லை, இரண்டு சொட்டு, நீண்ட இடைவெளி, ஒரு சொட்டு. தவளை ஒன்று. மேலே நான் ஒருமுறை மூக்கை உறிஞ்சியது இடி போலக் கேட்கிறது. பனை ஓலை உரசும் சத்தம் கிணற்றுக்குள் வரும்போது யாரோ கடதாசி கிழிப்பதுபோல் இருக்கிறது.

பதினொன்றாவது நிமிடத்தில் சிக்கல். எங்கோ கோயிலில் ஒலிபெருக்கி போட்டுவிட்டார்கள். நான் மேலே நின்று கேட்டபோது பாட்டின் சொல்லெல்லாம் தெளிவாக இருந்தது. பதிவில் ஒரு சொல்கூட இல்லை. சொல் எல்லாம் கழன்று போய், மெட்டு ஏறுவதும் இறங்குவதும் மட்டும் இருக்கிறது. வானத்திலிருந்து வருகிறதா, தண்ணீருக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. சில நேரம் யாரோ பேசிக்கொண்டு கிணற்றடிக்கு வருவதுபோல் இருக்கிறது, பிறகு இல்லை. கடைசிவரை ஓடுகிறது, நீக்க முடியவில்லை. அழித்துவிட்டு வேறு நாளில் மறுபடி பதியவா?

நாவற்குழியான்

அழிக்க வேண்டாம்! தம்பி, அழிக்கவே வேண்டாம். அந்த அம்மாவுக்கும் அது கேட்கிறது. ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறது, தன் குரல் அந்தப் பாட்டைத் தாண்டாது என்பதும் தெரிகிறது. வயலினுக்கு அங்கே என்ன வேலை?

கோண்டாவில் டைனமோ

அண்ணை, இசை வேண்டும் என்று முதன்முறையாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

தம்புரா

பதிவில் இரண்டு நிமிடம் மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா, தம்பி? சொல் இல்லாமல் எந்த ராகம் என்று கண்டுபிடிக்க ஆசையாக இருக்கிறது.

மேசைக்காரன்

கொஞ்சம் பொறுங்கள். வெள்ளிக்கிழமைப் பின்னேரமா? இணுவில் பக்கமா? கிணற்றுக்கு மேற்கே கோயிலா? அப்படியானால் அந்த ஒலிபெருக்கிக் குழாயைத் தென்னையில் கட்டியவன் நான்தான். அடித்தொனியே இல்லாத பழைய குழாய். மேலே சொல் தெளிவாகக் கேட்டதென்றால், அதைக் கழற்றியது கிணறுதான். கிழக்கே திருப்பிவிட்டேன் என்று அயலவர்களிடம் ஏச்சும் வாங்கினேன்.

வருகிற வெள்ளியும் கட்டுவேன். எத்தனை மணிக்குப் பதிவு என்று சொல்லுங்கள், தம்பி. ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை, அதே பக்கம் திருப்பிவிடுகிறேன்.